சிறைப்பட்ட வீரரை மீட்டு வருதல்: அபிநந்தன் விடுதலையும் அதைச் சூழ்ந்த அரசியலும்

போரில் எதிரியிடம் சிக்கிய வீரர் உயிருடன் நாடு திரும்பினால் மக்கள் எல்லோரும் ஒருமனதாக மகிழ்வார்கள் என்றே நாம் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்வதில்லை. அவரை யார் மீட்டது, என்ன விலை கொடுத்து மீட்டது, எதிரி ஏன் விடுவித்தான் என்ற கேள்விகள் பல நாடுகளில் மக்களையும் கட்சிகளையும் பிரித்திருக்கின்றன. 2019-ஆம் ஆண்டில் இந்திய விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானில் சிறைப்பட்டுத் திரும்பிய நிகழ்வு இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. அந்த நிகழ்வையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கேள்வி. நங்கநல்லூரில் என் வீட்டுக்குப் பாடம் கேட்க வரும் பிளஸ் டூ மாணவன் ஒருவன், "சார், அபிநந்தனை நாம மீட்டோமா, இல்ல அவங்களா விட்டாங்களா?" என்று கேட்டான். இரண்டு விடைகளுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மூன்றாவதாகவும் ஒரு விடை இருக்கிறது. அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழந்தமிழ் வரலாற்றில் ஒரு போர்க்கைதி

போர்க்கைதியைப் பற்றிய சிக்கல் தமிழருக்குப் புதிதன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்றுச் சிறைப்பட்டான். குடவாயிற் கோட்டத்தில் அவன் அடைக்கப்பட்டான். இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசலே அந்த ஊர் என்பர். சிறையில் தாகத்தால் தண்ணீர் கேட்டபோது காவலர்கள் உடனே தராமல் காலம் தாழ்த்தித் தந்தனர். மானம் கெட்ட பிறகு அந்த நீரைப் பருகுவதா என்று எண்ணிக் குடிக்காமலே அவன் உயிர்விட்டான் என்று புறநானூற்றின் 74-ஆம் பாடலுக்கான குறிப்பு கூறுகிறது.

களவழி நாற்பது என்னும் நூலைச் சார்ந்த மரபு வேறு கதை சொல்கிறது. பொய்கையார் சோழனின் வெற்றியைப் பாடினார் என்றும், அதற்குப் பரிசாகச் சேரன் விடுவிக்கப்பட்டான் என்றும் அம்மரபு கூறும். ஒரே கைதிக்கு இரண்டு முடிவுகள். ஒன்றில் கைதியின் மானம் உயர்ந்து நிற்கிறது. மற்றொன்றில் வென்றவனின் பெருந்தன்மை உயர்ந்து நிற்கிறது. சிறைப்பட்டவனின் கதையை யார் சொல்கிறார்களோ அவர்களுக்குச் சாதகமாக அது மாறும் என்பதை மாணவர்கள் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்று போர்க்கைதிகளை நடத்தும் முறையை 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் வகுக்கிறது. இதில் 143 பிரிவுகள் உள்ளன. இந்தியாவும் பாகிஸ்தானும் இதை ஏற்றுக்கொண்ட நாடுகள். முறைப்படி போர் அறிவிக்கப்படாவிட்டாலும், இரு நாடுகளிடையே ஆயுத மோதல் ஏற்பட்டாலே இது பொருந்தும். நம் பொருளுக்கு இன்றியமையாத பிரிவுகள் மூன்று.

பிரிவு 13: கைதியை வன்முறை, அச்சுறுத்தல், அவமதிப்பு ஆகியவற்றிலிருந்து காக்க வேண்டும். அவரைப் பொதுமக்கள் வேடிக்கை பார்க்கும் பொருளாக்கக் கூடாது.

பிரிவு 17: கைதி தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். வேறு எதையும் சொல்ல வைக்க அவரைத் துன்புறுத்தக் கூடாது.

பிரிவு 118: மோதல் ஓய்ந்ததும் கைதிகளைக் காலம் தாழ்த்தாமல் விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும்.

2019: மூன்று நாட்கள்

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் தமிழ்நாட்டினர். ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்தையும் மற்றவர் அரியலூர் மாவட்டத்தையும் சேர்ந்தவர். ஜெய்ஷ்-எ-முகமது அமைப்பு இதற்குப் பொறுப்பேற்றது. பிப்ரவரி 26 அதிகாலையில் இந்திய விமானப்படை பாகிஸ்தானின் பாலாகோட்டில் குண்டு வீசியது. மறுநாள் காலை பாகிஸ்தான் விமானங்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிப் பதில் தாக்குதலுக்கு வந்தன. அவற்றை எதிர்கொள்ளப் பறந்தவர்களில் ஒருவர் அபிநந்தன். அவருடைய மிக்-21 பைசன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாராசூட்டில் குதித்த அவர், கோட்டுக்கு அப்பால் பிம்பர் மாவட்டத்து ஊர் ஒன்றில் இறங்கினார். ஊர்க்காரர்களால் தாக்கப்பட்ட பிறகு பாகிஸ்தான் ராணுவத்தினரின் பிடிக்குள் சென்றார்.

அன்றே அவருடைய வீடியோ படங்கள் வெளியாயின. கண்கள் கட்டப்பட்டு, முகத்தில் இரத்தத்துடன் அவர் தோன்றிய காட்சி முதலில் வந்தது. பின்னர் கையில் தேநீர்க் கோப்பையுடன் பேசும் காட்சி வந்தது. எந்த விமானத்தை ஓட்டினீர்கள், என்ன பணிக்காக வந்தீர்கள் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல அவர் மறுத்ததை அந்தக் காட்சியில் காணலாம். பிரிவு 17 அவருக்கு அளித்த உரிமை அது. இந்திய வெளியுறவு அமைச்சகம், காயமுற்ற வீரரைக் காட்சிப்பொருளாக்கியது பன்னாட்டு மனிதநேயச் சட்டத்தையும் ஜெனீவா ஒப்பந்தத்தையும் மீறிய செயல் என்று கண்டித்தது.

அவருடைய தந்தை, ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் எஸ். வர்த்தமான். பாகிஸ்தானில் சிறைப்படும் இந்திய விமானி ஒருவரைப் பற்றிய காற்று வெளியிடை (2017) திரைப்படத்துக்கு ஆலோசகராக இருந்தவர் இவர். பிப்ரவரி 28 இரவு பெற்றோர் சென்னையிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்டனர். விமானத்தில் இருந்த சக பயணிகள் கைதட்டி அவர்களை வாழ்த்தினர். மீனம்பாக்கம் விமான நிலையம் எங்கள் நங்கநல்லூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தலைக்கு மேல் விமானம் போவதை நாங்கள் சாதாரணமாகக் கவனிப்பதே இல்லை. அந்த வாரத்தில் கவனித்தோம்.

பிப்ரவரி 28 பிற்பகலில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான், அமைதிக்கான நல்லெண்ண நடவடிக்கையாக விமானியை விடுவிப்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று மாலை இந்திய முப்படை அதிகாரிகள் செய்தியாளர்களைச் சந்தித்தனர். அவர் திரும்புவதில் மகிழ்ச்சி என்றும், இது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு இணங்கிய செயல் என்றே கருதுவதாகவும் தெரிவித்தனர். ஒருவர் 'நல்லெண்ணம்' என்றதை மற்றவர் 'கடமை' என்றார். பின்னர் எழுந்த விவாதம் முழுவதும் இந்த இரு சொற்களுக்கு நடுவில்தான் நடந்தது.

மார்ச் 1 இரவு 9 மணிக்குப் பின் அபிநந்தன் வாகா எல்லையைக் கடந்து அட்டாரிக்கு வந்தார். ஏறத்தாழ 60 மணி நேரம் அவர் பாகிஸ்தான் பிடியில் இருந்தார். ஒப்படைப்புக்குச் சற்று முன்னர், பல இடங்களில் வெட்டி ஒட்டப்பட்ட ஒரு வீடியோவைப் பாகிஸ்தான் வெளியிட்டது. அதில் அவர் பாகிஸ்தான் ராணுவத்தைப் பாராட்டுவதுபோல் இருந்தது.

இந்தியாவில் எழுந்த பிளவு

நாடாளுமன்றத் தேர்தல் சில வாரங்களில் வரவிருந்த நேரம் அது. விமானி பிடிபட்ட அன்றே 21 எதிர்க்கட்சிகள் டெல்லியில் கூடின. விமானியின் பாதுகாப்பு குறித்துக் கவலை தெரிவித்த அவர்களின் கூட்டறிக்கை, படைவீரர்களின் தியாகத்தை ஆளுங்கட்சித் தலைவர்கள் அரசியலாக்குவதாகவும் குற்றம் சாட்டியது. இந்த அறிக்கையைப் பாகிஸ்தான் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறது என்று அமைச்சர் அருண் ஜேட்லி பதிலடி கொடுத்தார். விமானத் தாக்குதலால் கர்நாடகத்தில் 28 தொகுதிகளில் 22-க்கு மேல் வெல்ல முடியும் என்ற பொருளில் எடியூரப்பா பேசியதாக வந்த செய்தி கடும் கண்டனத்துக்கு உள்ளானது. தன் பேச்சு திரித்துக் கூறப்பட்டது என்று பின்னர் அவர் விளக்கினார்.

பிரதமர் நரேந்திர மோடி பிப்ரவரி 28 அன்று பாஜக தொண்டர்களுடன் காணொலி வழியாக உரையாடினார். வீரர் ஒருவர் எதிரியின் பிடியில் இருக்கும்போது கட்சிக் கூட்டமா என்று காங்கிரஸ் கேட்டது. அன்று மாலை அறிவியல் விருது விழாவில், நடந்தது ஒரு 'பைலட் புராஜெக்ட்', உண்மையானது இனிமேல்தான் என்ற பொருளில் பிரதமர் பேசியதும் விமர்சிக்கப்பட்டது. மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் பேசிய அவர், அபிநந்தன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதில் ஒவ்வொரு இந்தியரும் பெருமை கொள்வதாகக் கூறினார். விமானி அப்போது இன்னும் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை.

அரசியல் சுவரொட்டிகளில் அபிநந்தனின் படம் இடம்பெறத் தொடங்கியது. மார்ச் 9 அன்று தேர்தல் ஆணையம், படைவீரர்களின் படங்களைப் பரப்புரையில் பயன்படுத்தக் கூடாது என்று எல்லாக் கட்சிகளுக்கும் அறிவுறுத்தியது. டெல்லி சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பகிர்ந்த இரண்டு சுவரொட்டிகளை நீக்கும்படி பேஸ்புக் நிறுவனத்துக்கும் உத்தரவிட்டது. ஆனாலும் மேடைப் பேச்சு நிற்கவில்லை. ஏப்ரல் 21 அன்று குஜராத்தின் பாடனில் பேசிய பிரதமர், விமானியைத் திருப்பி அனுப்பியிராவிட்டால் அது பாகிஸ்தானுக்குக் கொலைகார இரவாக இருந்திருக்கும் என்றார். இந்தியாவின் அச்சுறுத்தலே விமானியை மீட்டது என்பது ஆளுங்கட்சியின் வாதம். பன்னாட்டு அழுத்தமும் தூதரக முயற்சியும் சேர்ந்தே மீட்டன என்பது மறுதரப்பின் வாதம். தேர்தல் முடிந்த பின், ஜூன் மாதத்தில், காங்கிரஸின் மக்களவைத் தலைவர் அதீர் ரஞ்சன் சவுத்ரி அபிநந்தனின் மீசையைத் தேசிய மீசையாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். அந்த மீசையில் பங்கு கேட்காத கட்சி அப்போது இல்லை என்றே தோன்றியது.

பாகிஸ்தானில் எழுந்த எதிர்ப்பு

எதிர்ப்பு எல்லைக்கு அப்பாலும் இருந்தது. விமானியை விடுவிக்கக் கூடாது என்று கோரி இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கராச்சியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், பிடிபட்ட அபிநந்தனைப் போன்ற பொம்மை ஒன்றும் தேநீர்க் கோப்பையும் அதே ஆண்டு நவம்பரில் வைக்கப்பட்டன.

2020 அக்டோபர் 28 அன்று இச்சிக்கல் மீண்டும் வெடித்தது. முஸ்லிம் லீக் நவாஸ் பிரிவைச் சேர்ந்த முன்னாள் அவைத்தலைவர் அயாஸ் சாதிக், நாடாளுமன்றத்தில் ஒரு தகவலைச் சொன்னார். விடுதலைக்கு முன் நடந்த கூட்டத்தில் வெளியுறவு அமைச்சர் ஷா மஹ்மூத் குரேஷியும் ராணுவத் தளபதி பாஜ்வாவும் இருந்தனர் என்றும், இந்தியா இரவு 9 மணிக்குத் தாக்கப்போகிறது, விமானியை விட்டுவிடுவோம் என்று குரேஷி கெஞ்சினார் என்றும் அவர் கூறினார். ராணுவச் செய்தித் தொடர்பாளர் மறுநாளே மறுத்தார். லாகூரில் அயாஸ் சாதிக்கைத் துரோகி மீர் ஜாபராகச் சித்தரித்த சுவரொட்டிகள் தோன்றின. இந்தியாவில் அதே பேச்சைக் கொண்டு பாஜக தலைவர்கள் காங்கிரஸைத் தாக்கினர். அது பீகார் சட்டமன்றத் தேர்தல் நேரம்.

முன்நிகழ்வுகள்: 1971 முதல் 1999 வரை

1971 போருக்குப் பின் ஏறத்தாழ 93,000 பாகிஸ்தானியர் இந்தியாவின் காவலில் இருந்தனர். மேற்கு முனையில் பிடிபட்ட இரு தரப்பினரும் 1972 டிசம்பரில் பரிமாறப்பட்டனர். கிழக்கில் சரணடைந்தவர்களைத் திருப்பி அனுப்ப 1973 ஆகஸ்டில் டெல்லி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1974 ஏப்ரல் இறுதிக்குள் அந்தப் பணி முடிந்தது. போர்க்களத்தில் வென்றதைப் பேச்சுவார்த்தையில் இழந்துவிட்டோம் என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. ஜனசங்கம் சிம்லா ஒப்பந்தத்தை எதிர்த்தது. அந்தக் குறை இன்றும் பேசப்படுகிறது.

1999 கார்கில் மோதலின்போது, மே 27 அன்று பிளைட் லெப்டினன்ட் நசிகேதாவின் மிக்-27 விமானம் எஞ்சின் கோளாறால் விழுந்து அவர் பிடிபட்டார். எட்டு நாட்களில் விடுவிக்கப்பட்டார். அப்போது பாகிஸ்தானில் இந்தியத் தூதராக இருந்த ஜி. பார்த்தசாரதி, செய்தியாளர்கள் முன்னிலையில் விமானியைப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அமைதியாக ஒப்படைப்பு நடந்தது. கைதியைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்ற பிரிவு 13-இன் கருத்தை ஒரு தூதர் செயலில் காட்டிய நிகழ்ச்சி இது.

அதே ஆண்டு டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஐசி 814 விமானம் கடத்தப்பட்டு காந்தகாருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இதில் சிக்கியவர்கள் போர்க்கைதிகள் அல்லர், பயணிகள். ஆனால் விலை கொடுத்து மீட்பது பற்றிய விவாதத்துக்கு இது அடிப்படை. உறவினர்கள் டெல்லியில் போராட, வாஜ்பாய் அரசு டிசம்பர் 31 அன்று மூன்று பயங்கரவாதிகளை விடுவித்தது. ஜம்மு காஷ்மீர் முதல்வர் பரூக் அப்துல்லா அதை எதிர்த்தார். விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவர் மசூத் அசார். அவர் தொடங்கிய அமைப்பே ஜெய்ஷ்-எ-முகமது. புல்வாமா தாக்குதலுக்குப் பின், அவரை விடுவித்தது யார் என்று 2019 தேர்தல் களத்தில் ராகுல் காந்தி கேட்டார்.

பிற நாடுகளில்

இஸ்ரேல் வீரர் கிலாத் ஷாலித் 2006-இல் ஹமாஸிடம் சிக்கினார். 2011 அக்டோபரில் 1,027 கைதிகளை விடுவித்து இஸ்ரேல் அவரை மீட்டது. பெரும்பாலான மக்கள் ஆதரித்தாலும், தாக்குதல்களில் உறவினரை இழந்த குடும்பங்கள் நீதிமன்றம் சென்றன. அன்று விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவர் யஹ்யா சின்வார். பிற்காலத்தில் காஸாவில் ஹமாஸின் தலைவரானவர்.

அமெரிக்க வீரர் போ பெர்க்டால் 2009-இல் ஆப்கானிஸ்தானில் தன் முகாமைவிட்டு வெளியேறித் தாலிபான்களிடம் சிக்கினார். 2014 மே 31 அன்று குவாண்டனாமோ சிறையிலிருந்த ஐந்து தாலிபான்களுக்கு ஈடாக அவர் விடுவிக்கப்பட்டார். அதிபர் ஒபாமா வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அவருடைய பெற்றோரோடு நின்று அறிவித்தார். சில நாட்களிலேயே எதிர்ப்பு மூண்டது. நாடாளுமன்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தரவில்லை என்றனர். ஓடிப்போனவனுக்கு இவ்வளவு விலையா என்று கேட்டனர். இடாஹோ மாநிலத்தில் அவருடைய சொந்த ஊரான ஹெய்லி, ஏற்பாடு செய்திருந்த வரவேற்பு விழாவை ரத்து செய்தது. 2017-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத்தண்டனை இன்றி, அவமதிப்புடன் படையிலிருந்து நீக்கப்பட்டார். 2023-இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்.

பெர்க்டாலும் அபிநந்தனும் ஒப்பிடத்தக்கவர்கள் அல்லர். ஒருவர் முகாமைவிட்டுப் போனவர், மற்றவர் கடமையில் விழுந்தவர். அபிநந்தனுக்காக எந்தக் கைதியும் ஈடாகத் தரப்படவும் இல்லை. ஆயினும் இரு நாட்டிலும் வீரர் வீடு சேரும் முன்பே அவர் பெயரால் கட்சிகள் மோதிக்கொண்டன.

திரும்பாதவர்கள்

அபிநந்தன் வானில் போரிட்ட அதே பிப்ரவரி 27 காலையில், காஷ்மீரின் பட்காமில் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து விமானப்படையினர் 6 பேரும் பொதுமக்களில் ஒருவரும் இறந்தனர். நம் ஏவுகணையே அதைத் தாக்கியது, அது பெரும் தவறு என்று விமானப்படைத் தளபதி பதௌரியா அக்டோபரில் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட மாதங்களில் ஒரு தேர்தல் நடந்து முடிந்தது. அந்த ஆறு பேரின் படத்தை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்க்கவில்லை.

இன்னொரு பட்டியலும் உண்டு. 1971 போரில் காணாமல்போய், பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம்பப்படும் வீரர்களைக் 'காணாமல்போன 54 பேர்' என்று குறிப்பிடுவது வழக்கம். 1983-இலும் 2007-இலும் அவர்களின் உறவினர்கள் பாகிஸ்தான் சென்று சிறைகளில் தேடினர். யாரும் கிடைக்கவில்லை. அப்படி எவரும் தங்களிடம் இல்லை என்பதே பாகிஸ்தானின் நிலைப்பாடு. காணாமல்போன படையினர் 83 பேர் பாகிஸ்தான் காவலில் இருப்பதாக நம்பப்படுவதாக, 2019-இல் இந்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 1971-க்குப் பின் எல்லா முக்கியக் கட்சிகளும் டெல்லியில் ஆட்சி செய்திருக்கின்றன. எனவே இந்தத் தோல்வியில் எந்தக் கட்சியும் மற்றதைக் குறை சொல்ல முடியாது. இதைப் பற்றி மேடையில் யாரும் பேசாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முடிவுரை

அபிநந்தன் 2019 செப்டம்பரில் மீண்டும் மிக்-21 விமானத்தில் பறந்தார். அவருக்கு அறிவிக்கப்பட்ட வீர் சக்ரா விருதை 2021 நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வழங்கினார். தன்னை யார் மீட்டது என்ற வாக்குவாதத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். நாம் மீட்டோமா, அவர்களாக விட்டார்களா? அச்சுறுத்தல், தூதரக முயற்சி, பாகிஸ்தானின் கணக்கு ஆகிய மூன்றுக்கும் இதில் பங்கு இருந்திருக்கும். எது எவ்வளவு என்பதை இரு நாட்டு ஆவணங்களும் திறக்கப்படும் நாளில் வரலாற்றாசிரியர்கள் அளந்து சொல்லட்டும். ஆனால் அவர் திரும்பியது ஒரு தலைவரின் வீரத்துக்குக் கிடைத்த பரிசும் அன்று, மற்றொரு தலைவர் போட்ட பிச்சையும் அன்று. பிடிபட்ட வீரர் வீடு திரும்புவது அவருடைய உரிமை; அது பிரிவு 118-இல் எழுதப்பட்டிருக்கிறது. இதுதான் நான் முதலில் சொன்ன மூன்றாவது விடை.

அதை உரிமை என்று ஏற்றுக்கொண்டால், கேமரா முன் வந்த ஒருவருக்காக மட்டும் அதைக் கேட்க முடியாது. யாரும் படம் எடுக்காமல் 1971-இல் காணாமல்போனவர்களுக்காகவும் கேட்க வேண்டும். நம் காவலில் இருக்கும் எதிரி நாட்டு வீரருக்கும் அதையே தர வேண்டும். விடை சொன்னதும் மாணவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த 54 பேர்ல நம்ம ஊர்க்காரங்க யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டான். எந்த ஊராக இருந்தால் என்ன என்றேன்.